ஐந்து நாள் பால்

டம்ளரில் இரண்டு விரல் உயரத்துக்குப் பால் நின்றது.

அவள் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

உள்ளே பிள்ளை வீறிட்டது.

மாத்திரை போட்டது எட்டு மணிக்கு. இப்போது மணி பதினொன்று. இன்னும் எத்தனை மணி நேரம் தாய்ப்பாலைப் பிழிந்து ஊற்ற வேண்டும்?

தெரியவில்லை.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்து ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர்கள் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு பிள்ளைக்குப் பாலும் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தபின்தான் அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். வீக்கத்துக்கும் வலிக்குமான மாத்திரை.

அதன்பிறகு நான்கு நாள் தொடவில்லை. தையல் கொதித்தது. இன்று காலை பிள்ளையைத் தூக்கக் குனிந்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். கைநழுவிப் போட்டுவிடுவோமோ என்று பயம்.

அந்தப் பயத்தில்தான் விழுங்கினாள்.

விழுங்கியதும் வேறு பயம் வந்தது.

அவள் கணவன் ஜெயக்கொடி மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"பால் குடுக்கவங்க தவிர்க்கணும்னுதான் போட்ருக்கு, சக்தி."

"டாக்டர் சீட்டுல ரெண்டு வேளைன்னு எழுதியிருக்கே."

"போன்ல பாத்தா ஒருத்தன் போடலாங்கான், ஒருத்தன் கூடாதுங்கான்." அவன் தாளை மடித்தான். "ஏழு வருசமா மெடிக்கல்ல நிக்க. உனக்கே தெரியாதா?"

பிரம்மசக்தி தாளை வாங்கித் தானே படித்தாள்.

மருந்தாளுநர் படிப்பு படித்தவள். எந்த மாத்திரை எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். கைப்பிள்ளையோடு யார் வந்து நின்றாலும் சொல்லுவதற்கு அவளிடம் ஒரே பதில்தான். 'பால் குடுக்கீங்களா? அப்ப வேண்டாம்.'

யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

யோசித்துப் பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை.

மார்பு கல்லாகக் கனத்தது. நைட்டி நனைந்துவிட்டது. பிள்ளையின் அழுகை கம்மிப்போய், இப்போது வெறும் இழுப்பாக வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பிரசவ வார்டு சிஸ்டர் எடுத்தார். மாத்திரையின் பெயரையும், பால் கொடுப்பதை நிறுத்தியதையும் சொன்னாள்.

"நாங்க எழுதிக் குடுத்ததுதானம்மா. போட்டுக்கிட்டு பிள்ளைக்குப் பால் குடுங்க."

"பால்ல போகாதா சிஸ்டர்?"

"இத்துனூண்டு போகும். பிள்ளைய ஒன்னும் செய்யாது. மாசம் தெகஞ்சு பொறந்த பிள்ளதான? உங்களுக்கு வயித்துப்புண்ணு, கிட்னி, வீசிங்னு ஏதும் உண்டா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? சாப்ட்டுட்டுப் போடுங்க. எழுதிக் குடுக்காத வலி மாத்திரைய மட்டும் கேக்காமப் போடாதீங்க, எல்லாம் ஒன்னு கெடையாது." சிஸ்டர் நிறுத்தினார். "பிள்ளை அழுத சத்தம் கேக்கு. மொதல்ல எடுத்துப் பால் குடுங்க. உங்கள யாரு நிப்பாட்டச் சொன்னது?"

யாரு?

ஜெயக்கொடி பிள்ளையை எடுத்து மடியில் வைத்தான். பிள்ளை தலையை ஆட்டித் தேடியது. பிடித்துக்கொண்டது. இரண்டு மடக்கு வேகமாக, பிறகு நிதானமாக.

அவன் சிரித்தான். "இதுக்கா நாலு நாளு வலியைப் பொறுத்த?"

அவளுக்கும் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் ரோஸ்லின் முகம்தான் நினைவில் வந்தது.

போன வருஷம் மணிக்கட்டில் கட்டோடு கடைக்கு வந்தவள். இடுப்பில் ஒரு மாதத்துப் பிள்ளை. கையில் இதே மாத்திரைக்கான சீட்டு.

"அஞ்சு நாளைக்கா? அப்ப அஞ்சு நாளும் பால் குடுக்காதீங்க," என்று பிரம்மசக்திதான் சொன்னாள்.

"பிள்ளைக்கு என்ன செய்ய?"

பிரம்மசக்தி திரும்பி, மேலடுக்கிலிருந்து பால்பவுடர் டின் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

பத்து நாளில் ரோஸ்லின் இன்னொரு டின் கேட்டு வந்தாள். பிறகு வாராவாரம். வருமுன் போன் பண்ணி, டின் இருக்கிறதா என்று கேட்பாள். ஏன் இன்னும் டின் என்று பிரம்மசக்தி ஒருநாளும் கேட்டதில்லை. நம்பரை மட்டும் 'ரோஸ்லின் பால் டின்' என்று பதிந்துவைத்திருந்தாள்.

போனை எடுத்தாள். வைத்தாள். எதற்கு இப்போது? அந்தப் பிள்ளை நடக்கவே ஆரம்பித்திருக்கும். சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லாமல் எப்படி இருப்பது?

"யாருக்கு?" என்றான் ஜெயக்கொடி.

அதற்குள் விரல் அழுத்திவிட்டது.

"மெடிக்கல் பிள்ளையா!" ரோஸ்லின் குரலில் அவ்வளவு சந்தோஷம். "பிள்ளை பொறந்துட்டாமே, கடையில சொன்னாங்க. என்ன பிள்ள?"

"பொம்பளப்பிள்ள."

"நல்லா இரு. பால் வருதா?"

பிள்ளை விழுங்கும் சத்தம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"வருதுக்கா."

"குடு, நல்லா குடு. எனக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்லாமப் போச்சு. அந்த அஞ்சு நாள் கழிச்சுப் பால் வரவே இல்ல. என் ஒடம்பு அப்படி, என்ன செய்ய? எங்க வீட்டுக்காரரு அம்மை இன்னும் சொல்லிக்காட்டுவாங்க."

பிரம்மசக்தி பிள்ளையின் தலையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அக்கா," என்றாள். "போனை வச்சிராதீங்க. அந்த அஞ்சு நாளப் பத்தி ஒன்னு சொல்லணும்."