நோர்ஃபோக்கில் மூன்று நாள்

"எட்டுப் பேருக்குத் தேத்தண்ணிக் கோப்பை இருக்கோ எண்டும் கேட்டு எழுது, பிள்ளை."

மடிக்கணினியிலிருந்து சிந்தியா தலையை நிமிர்த்தினாள். தங்கப்போவது அவளும் அப்பாவும், இரண்டே பேர். மற்ற ஆறு கோப்பை யாருக்கு?

அப்பா அருட்செல்வம் யன்னலோரம் நின்று, தாங்கள் வசிக்கும் அம்மருட்டின் மாடிவீடுகளைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒஸ்லோவில் இருபத்தாறு வருடமாக பஸ் ஓட்டுகிறவர். விடுமுறை என்றால் டென்மார்க்கில் தம்பி வீடு, அதைவிட்டால் சோபா. அப்படிப்பட்ட மனிதர் ஒரு மாதமாக இங்கிலாந்தின் நோர்ஃபோக் மாவட்டத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார். கடற்கரையில் கடல்நாய்கள் கூட்டமாகப் படுத்துக் கிடக்குமாம். கரையோரமாக நீராவி ரயில் ஓடுமாம். பழைய காற்றாலை ஒன்றில்கூட அறை வாடகைக்கு விடுகிறார்களாம். ஆனால் காற்றாலை அவருக்கு வேண்டாம். பெரிய வரவேற்பறை உள்ள வீடுதான் வேண்டும். வீட்டுக்காரிக்கு ஆங்கிலத்தில் எழுதும் வேலையை வழக்கம்போல மகள் தலையில் கட்டிவிட்டார்.

சோழியன் குடுமி சும்மா ஆடாது. சிந்தியா வரைபடத்தைப் பார்த்தாள். அந்த வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வால்சிங்ஹாம் மாதா கோயில். திகதியைப் பார்த்தாள். தமிழ்க் கத்தோலிக்கர் ஊர்பட்ட சனம் அங்கே திரளும் யாத்திரை ஞாயிறு. அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பூசை முடிந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் புல்வெளியில் எத்தனை சம்பந்தம் பேசி முடிகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஒன்றுவிட்ட அக்கா டிலக்சி அங்கே மெழுகுதிரி கொளுத்தப் போனவள், நிச்சயதார்த்தத்தோடு திரும்பி வந்தாள்.

போன கிழமை அப்பா ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய்ப் புதுக் கோட் வாங்கி வந்தார். மீசைக்கு மை வேறு. நீயும் நல்ல சாறி ஒன்று எடுத்து வை என்று சொன்னார். சம்பந்தி வீட்டாரிடம் எடுபட வேண்டுமாக்கும்.

அவளிடமும் ஒரு இரகசியம் இருந்தது. துரொண்ட்ஹெய்ம் நகரில் படிக்கும் மார்க்கஸைப் பற்றி இரண்டு வருடமாக வீட்டில் மூச்சு விட்டதில்லை. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அம்மா போய் ஏழு வருடம். தனியே நின்று வளர்த்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததை விட்டு வேறு கதைக்குப் போய்விடுவாள். ஆனால் இப்போதும் சொல்லாவிட்டால் யாரோ ஒருவன் முன்னால் தேத்தண்ணித் தட்டோடு போய் நிற்க வேண்டியதுதான்.

மடிக்கணினியை மூடினாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. அங்கை எங்களைப் பாக்க ஆரும் வருகினமோ?"

அருட்செல்வம் திரும்பினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஓம், பிள்ளை. லண்டனிலை இருந்து. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை."

"நான் வரமாட்டன். எனக்கு ஒராள் இருக்கிறார். மார்க்கஸ் எண்டு, நோர்வேப் பெடியன். அவரைத்தான் கட்டுவன்."

அவர் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். பெடியன் என்ன படிக்கிறான், நல்லவனா, கோயிலில் தாலி கட்டச் சம்மதிப்பானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். படிப்பைச் சொன்னாள்; மற்ற இரண்டுக்கும் ஓம் என்றாள். அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாதாவே, தப்பினன்," என்றார். "வீட்டிலை குமரை வைச்சுக்கொண்டு உமக்கென்ன ரெண்டாம் கலியாணம் எண்டு அவை கேட்டா என்ன சொல்லுறதெண்டு ஒரு மாதமா நித்திரையில்லை. அவை பாக்க வாறது என்னை, பிள்ளை."