வட்டத்துக்குள் நிற்கிற பிள்ளை

“அந்த வீடியோவை மட்டும் எடுக்காதை, யது. வேறை ஏதாவது தேடு.”

தேனுஜன் இப்படிச் சொன்னதும் யதுஷா மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். கலியாணமான இத்தனை வருடத்தில் அவளுடைய அலுவலக வேலையில் அவள் கணவன் மூக்கை நுழைத்ததே இல்லை.

சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்த நபீஸுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. “ஏன் சேர்? அது ஒண்டுதானே கெடச்சீக்கி?”

நபீஸ் கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு ஆப் நடத்தினான். கலியாண வீடியோ ஓடும்போதே யாருடைய முகத்தைச் சுற்றியும் வட்டம் போட்டுப் பக்கத்தில் எழுதலாம். லண்டன் மாமாவும் டொரண்டோ சித்தியும் அதைப் பார்க்கலாம். ‘இது எங்கள் கண்டுபிடிப்பு, காப்புரிமை எங்களிடம் இருக்கிறது, உடனே மூடு’ என்று ஒரு வெளிநாட்டுக் கம்பனி மிரட்டியிருந்தது. பதில் சொல்ல நாளைதான் கடைசி நாள். பார்த்த வேலையையும் விட்டுவிட்டு இதையே நம்பியிருந்த நபீஸ், ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வெள்ளவத்தைக்கு ஓடிவந்திருந்தான்.

யதுஷா பம்பலப்பிட்டியில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்தாள். காப்புரிமை கேட்கப்படும் ஒன்றை அதற்கு முன்பே யாராவது ஊரறியச் செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பதுதான் அவள் வேலை. செய்திருந்தால் அது கண்டுபிடிப்பே இல்லை. உலகமெல்லாம் தேடிக் களைத்த பிறகுதான், சுபா மச்சாளின் கலியாண வீடியோ ஞாபகம் வந்தது. அதை எடுத்த வீடியோக்காரர் பற்றிக், வெளிநாட்டுச் சொந்தக்காரருக்காக அந்தக் காலத்தில் நடத்திய இணையத்தளத்தை இன்னும் மூடாமல் வைத்திருந்தார்.

“இஞ்சை பாருங்கோ நபீஸ், ஆரத்தி எடுக்கிற இடம். வட்டம் போட்டு, ‘இந்தப் பிள்ளை ஆர்? மகனுக்குப் பாக்கிறம்’ எண்டு ஆரோ ஒரு ‘சூரியகாந்தி’ எழுதியிருக்கிறா. கம்பனிக்காரர் விண்ணப்பிக்கிறதுக்கு எவ்வளவோ முந்தின திகதி.”

நபீஸ் திரையை உற்றுப் பார்த்தான். “மிஸ், வட்டத்துக்குள்ள ஈக்கிறது நீங்களா?”

“ஓம், நான்தான்!” யதுஷாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பாவம், ஆரோ என்னைக் கேட்டிருக்கினம். எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.”

“அதான் சேருக்குப் புடிக்கல்ல!”

அவர்களுடையது காதல் கலியாணம். பம்பலப்பிட்டி ரயில் நிலையத்தில் தற்செயலாகச் சந்தித்துப் பழகியது. யதுஷாவின் அம்மா நாகேஸ்வரி, ‘ஆரெண்டே தெரியாத ஒருத்தனையோ’ என்று மாதக்கணக்காக அழுதாள். கலியாண மண்டபத்தில்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். அம்மாவை வென்று கட்டியவள் என்ற பெருமை யதுஷாவுக்கு இன்னும் உண்டு. மாமியும் மருமகனும் ஒரே வீட்டில் இருந்தும், எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதே இல்லை.

இன்றைக்கு ஒத்துப்போனார்கள்.

“தம்பி சொல்லுறது சரிதானே பிள்ளை,” என்று குசினிக்குள்ளிருந்து வந்தாள் நாகேஸ்வரி. “குடும்பக் கலியாணத்தைக் கொண்டுபோய்க் கோர்ட்டிலை காட்டுறதே? சுபா என்ன நினைப்பாள்?”

“சுபாவைக் கேட்டிட்டன் அம்மா. ஓம் எண்டிட்டாள்.”

“பற்றிக்கின்ரை திகதியை நம்பேலாது,” என்றான் தேனுஜன். “என்ன மாமி?”

“நம்பவே ஏலாது தம்பி. கலியாண அல்பத்தையே ஒரு வருசம் பிந்தித்தானே தந்தவர்.”

யதுஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பியாம், மாமியாம்! இதெல்லாம் எப்போதிருந்து?

“மிஸ், இன்னொண்டும் ஈக்கே,” என்றான் நபீஸ் கவலையோடு. “வட்டத்துக்குக் கீழயே மத்தவங்க மறுமொழி எழுதுறதும் அந்தக் கம்பனிட கண்டுபிடிப்பாம். அதுக்கும் பழசா ஒண்டு காட்டல்லண்டா, நாளைக்கு நான் மூடத்தான் வேணும்.”

“கீழை ஒரு மறுமொழி கிடக்கு. நான் இன்னும் திறந்து பாக்கேல்லை.” யதுஷா அதை அழுத்தினாள். பக்கம் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு இணையம் இல்லை என்றது.

“கரண்ட் போயிட்டுது போலை,” என்றான் தேனுஜன். தலைக்கு மேலே மின்விசிறி நன்றாகச் சுழன்றுகொண்டிருந்தது. ரூட்டரின் வயர் அவன் கையில் இருந்தது.

“உங்களுக்கு இண்டைக்கு என்ன பிடிச்சிருக்கு? எப்பவோ ஆரோ கேட்டதுக்கு இப்ப பொறாமையே? இந்த மனுசன்ரை பிழைப்பெல்லோ போகப்போகுது!” யதுஷாவுக்குக் கோபம்தான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பொறாமைப்படுகிறானே என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

“நான் ஒருக்காக் கோயிலுக்குப் போட்டு வாறன்,” என்று நாகேஸ்வரி செருப்பைத் தேடினாள். காலையில்தான் போய் வந்திருந்தாள்.

“என்ட ஃபோன்ல டேட்டா ஈக்கி மிஸ்,” என்று நபீஸ் இணைப்புக் கொடுத்தான். பக்கம் திறந்தது. அவன் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தான்.

“மறுமொழியும் ஈக்கி! தப்பிட்டன் மிஸ்!” என்றவன், சந்தோஷத்தில் அதைச் சத்தமாகவே வாசித்தான்:

“‘சூரியகாந்திக்கு, இது என்ரை மகள்தான். சம்பந்தம் எண்டு கேட்டு வந்தால் மாட்டன் எண்டு நிப்பாள். பின்னேரத்திலை பம்பலப்பிட்டி ஸ்டேஷன்லை நிப்பாள். உங்கடை மகனைத் தற்செயலாச் சந்திக்கிற மாதிரி அனுப்பிவிடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்; நான் வேண்டாமெண்டு அழுதால் இவள் கட்டியே தீருவாள். இதை நீங்கள் மட்டும்தானே பாப்பியள்? இப்படிக்கு, நாகேஸ்வரி.’”