கணினிக்கு வந்த ஆபத்து

மூட்டை தூக்குகிறவர் கிடங்குக் கணக்கருக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். மாதக்கணக்கில் சாக்குச் சொல்லிச் சமாளித்தவர், அன்று வசமாக மாட்டிக்கொண்டார்.

"அவசரம்னு வாங்கினியே, அப்படி என்னய்யா செலவு?"

"போன்ல ஒரு மெயில் வந்துச்சு சார். 'உங்கள் கணினியில் மூன்று வைரஸ். இன்றே எங்கள் மென்பொருளை வாங்காவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்'னு. பதறிப்போய்ப் பணத்தைக் கட்டிட்டேன்."

கணக்கர் தலையில் அடித்துக்கொண்டார். "அத்தனையும் பித்தலாட்டம்யா! தெரியாதவன் அனுப்புற மெயிலைத் திறக்காதே, லிங்க்கைத் தொடாதே. உள்ளே எதை இறக்கி வெச்சிருக்கானோ! வா, நானே வந்து சுத்தம் பண்ணித் தர்றேன்."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்..."

கணக்கர் விடவில்லை. சாயங்காலமே மூட்டைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கம்ப்யூட்டர் எங்கேம்மா?"

மூட்டைக்காரரின் மனைவி விழித்தார். "எங்க வீட்ல ஏதுங்க கம்ப்யூட்டர்?"

மூட்டைக்காரர் தலையைச் சொறிந்தார். "போன வருஷம்தான் சார் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டேன். எனக்குன்னு வந்த முதல் கடுதாசி அது. 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு வேற போட்டிருந்தான். பணம் கட்டி முடிச்சப்புறம்தான், நம்மகிட்ட கம்ப்யூட்டரே இல்லைன்னு உறைச்சுது."

கணக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடனை விடுய்யா, தள்ளுபடி! ஆனா நாளைக்குக் கிடங்குல இந்தக் கதையை நான்தான் முதல்ல சொல்வேன்."

"தாராளமாச் சொல்லுங்க சார். ஒரு எழுத்து விடாம நானே படிச்சேங்கறதையும் சேர்த்துச் சொல்லுங்க."