பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம்?

"பெட்ரோல் குழாய எந்தப் பக்கம் திருப்பினா மூடும், தம்பி?"

முன்வரிசையிலிருந்து ஐலி கேட்டாள். காலையிலிருந்து இது அவளுடைய ஏழாவது கேள்வி.

சமுலி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். கயானி நகரத்திலிருந்து இந்த ஏரிக்கரை ஊருக்குப் பாடம் எடுக்க முதல் தடவையாக வந்திருந்தான். பனி கொட்டுவதற்குள் மொபெட், படகு எஞ்சின், புல்வெட்டி எல்லாவற்றையும் குளிர்காலம் முழுக்க ஓட்டாமல் எப்படிப் பத்திரமாக எடுத்து வைப்பது என்று ஊர்ப் பொதுக்கூடத்தில் ஒருநாள் வகுப்பு. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பதினேழு பேர் கேள்வி கேட்க வாயே திறக்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்து ஐலி திறந்தாள்.

"இடது பக்கம், அக்கா. மூடிட்டு எஞ்சினை ஓடவிடுங்க. கார்புரேட்டர்ல இருக்கிறது தீர்ந்ததும் தானா நின்னுடும்."

"நிக்கட்டுமா? கெட்டுப் போயிடாதா?"

கடைசி வரிசையில் சிரிப்புச் சத்தம். செம்பட்டை மீசையும் அகன்ற தோளுமாக உட்கார்ந்திருந்த ரெய்யோதான் ஆரம்பித்து வைத்தது.

"வாத்தியாரே, மொபெட்டுக்கு எத்தனை சக்கரம்னு முதல்ல சொல்லிடுங்க. அடுத்து அதைத்தான் கேப்பாங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஐலியும் சிரித்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதை ஓட்டும்போது எண்ணிக்கறேன். தம்பி, பெட்ரோல் கெடாம இருக்க மருந்து ஊத்தணும்னீங்களே, ஊத்திட்டு அப்படியே மூடி வச்சிடலாமா?"

"கூடாதுக்கா. டாங்கை ரொப்பி, மருந்தை ஊத்தி, அஞ்சு நிமிஷமாவது ஓட்டணும். அப்பத்தான் உள்ளே வரைக்கும் போகும். அதுக்கப்புறம்தான் குழாயை மூடணும்."

"முதல்ல மருந்து, அப்புறம் ஓட்டு, அப்புறம் மூடு. சரிதானே?"

"சரி."

"இன்னொரு தடவை சொல்லுங்களேன், எல்லார் காதிலயும் விழற மாதிரி."

சமுலி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்துக்குத்தான்.

"எங்க ஊர்ல இதெல்லாம் பால் குடிக்கிற குழந்தைக்கே தெரியும்," என்றான் ரெய்யோ. "என் வண்டி நாலு வருஷமா வசந்தம் வந்தா ஒரே உதையில கிளம்புது. எல்லாம் கால் ராசி."

பக்கத்திலிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

பிளக் துவாரத்தில் எண்ணெய் எவ்வளவு? ஒரு ஸ்பூன். பேட்டரியை வண்டியிலேயே விடலாமா? கழற்றி வீட்டுக்குள் வைக்கணும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடலாமா? கூடாது, உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும், பழைய போர்வை போதும். ஐலி கேட்டுக்கொண்டே போனாள். ரெய்யோவும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருந்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு வகுப்பு முடிந்தது. எல்லோரும் காப்பியையும் ஏலக்காய் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். ஐலி மட்டும் இருந்து நாற்காலிகளை மடக்கினாள். மடக்கும்போது விரல்கள் சரியாக வளையவில்லை. உள்ளங்கையால் தள்ளித் தள்ளி மடக்கினாள்.

சமுலிக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, உங்க வண்டி எங்க இருக்குன்னு சொல்லுங்க. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போய்க்கறேன். நானே எல்லாத்தையும் செஞ்சு கொடுத்துடறேன்."

"எதுக்குப்பா?"

"இல்ல, இவ்வளவு கேட்டீங்களே. புரிஞ்சுதோ இல்லையோன்னு..."

"முப்பது வருஷம் காட்டு வேலைக் கம்பெனி பட்டறையில மரம் அறுக்கிற மெஷின் எல்லாம் நான்தான் பழுது பார்த்தேன். நீங்க கையில வச்சிருந்தீங்களே அந்தக் கார்புரேட்டர், அதைக் கண்ணை மூடிட்டுக் கழட்டுவேன்." விரல்களை விரித்துக் காட்டினாள். ஒவ்வொரு கணுவும் வீங்கியிருந்தது. "கழட்டிட்டு இருந்தேன், போன வசந்தம் வரைக்கும். இப்ப திருப்புளியே பிடிக்க முடியல."

சமுலிக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எதுக்கு அத்தனை கேள்வி?"

ஐலி அவனை ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள்.

வெளியே ரெய்யோவின் மொபெட் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் இரண்டு பேரை நிற்க வைத்துக்கொண்டு, குழாயை இடது பக்கம் திருப்பிக் காட்டி, வாத்தியார் மாதிரி விரலை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தான். "முதல்ல மருந்து, அப்புறம் ஓட்டு, அப்புறம் மூடு" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. எஞ்சின் இருமி, தடுமாறி, நின்றது. அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

"வருஷா வருஷம் பெட்ரோலை அப்படியே விட்டுடுவாரு. அது உள்ளே கோந்து மாதிரி ஒட்டிக்கும்," என்றாள் ஐலி. "நாலு வசந்தமா அவர் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே நான் போய்க் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டிடுவேன். ஒரே உதையில கிளம்பும். கால் ராசின்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. இந்த வருஷம் அவரே செஞ்சாத்தான் உண்டு."

"அந்த ஆளா? காலையிலேர்ந்து உங்களை அவ்வளவு கிண்டல் பண்ணாரே. அவருக்குப் போயா? வாயைத் திறந்து நேரா சொல்லிக் கொடுத்திருக்கலாமே, அக்கா."

ஐலி கடைசி நாற்காலியை உள்ளங்கையால் தள்ளி மூடினாள்.

"ஊர்ல யார் சொன்னாலும் கேப்பாரு, தம்பி. நான் சொன்னா மட்டும் கேக்க மாட்டாரு. முப்பத்தாறு வருஷமா என் வீட்டுக்காரர் ஆச்சே."