பதின்மூன்றாவது தடம்

சுபத்ரா நீல விளக்கைப் போட்டதும் லேபே வாயடைத்துப் போயிற்று.

ஜன்னல்களில் கறுப்பு அட்டை ஒட்டியிருந்ததால் மே மாத மத்தியான வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது. விளக்குப் பெட்டியின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று ஒரு ஜெல் துண்டு. அதன் நடுவில், ஒரே நேர்கோட்டில், பச்சைப் பச்சையாகக் கீற்றுகள் எரிந்துகொண்டிருந்தன.

பன்னிரண்டு மாணவர்களுக்குப் பன்னிரண்டு தடங்கள். ஆளுக்கு ஒரு கீற்று.

இருபது வருஷமாக நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிற சுபத்ராவுக்கே உடம்பு சிலிர்த்தது. கரும்பலகையில் இதை எத்தனை தடவை சாக்பீஸால் வரைந்திருப்பாள்! ஆரணியில் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

முந்தாநாள் இந்தப் பிள்ளைகள் உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பேப்பர் கப்பில் துப்பினார்கள். அதைச் சுழற்றி, கொதிக்க வைத்து, பி.சி.ஆர். மெஷினில் போட்டு, டி.என்.ஏ.வில் ஒரே ஒரு துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கி எடுத்ததுதான் இந்த வெளிச்சம். அதுவும் என்ன துண்டு? அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிற துண்டு. அப்பனுக்கு இதில் பங்கே கிடையாது.

"மேடம், இதுல எங்கம்மா எது?" என்று லாவண்யா கேட்டாள்.

"ஆறாவது."

"ஐயோ, எவ்ளோ பளிச்னு கீறாங்க!"

"மேக்கப் போட்டுகினு வந்துட்டாங்க போல" என்று வந்தவாசிப் பையன் அரிஹந்த் வாரினான்.

அவ்வளவுதான், அடக்கி வைத்த மூச்சையெல்லாம் சிரித்துத் தீர்த்தார்கள். எங்கம்மா, எங்கம்மா என்று ஆளாளுக்கு விரல் நீட்டினார்கள். தறிக்காரர் வீடு, ஜவுளிக்கடை வீடு, தேசூரில் நெல் போடுகிற வீடு என்று எல்லா அம்மாக்களும் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றார்கள். அடேயப்பா, ஒரு மடக்குத் தண்ணீருக்குள் இத்தனை பேரா என்று சுபத்ராவுக்கு மலைப்பாக இருந்தது.

அப்புறம்தான் கடைசித் தடத்தைப் பார்த்தாள்.

பதின்மூன்றாவதும் எரிந்தது.



பதின்மூன்றாவது வெறும் உப்புத் தண்ணீர். யார் வாயிலும் படாமல் எடுத்து, மற்றவற்றைப் போலவே சுழற்றி, கொதிக்க வைத்து, மெஷினில் போட்டது. அது கடைசிவரை இருட்டாக இருக்க வேண்டும். தண்ணீரே எரிகிறது என்றால், யாரோ ஒருவருடைய எச்சில் எல்லா டியூபிலும் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எது யாருடைய அம்மா என்று எந்தச் சாமி வந்து சொல்லும்?

மறுபடி செய்து பார்க்கவும் வழியில்லை. கெஞ்சிக் கூத்தாடி வேலூரிலிருந்து ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிய மெஷின் அது. எடுத்துப்போக வேன் வந்து வாசலில் நிற்கிறது. ஆரணியில் இதெல்லாம் எடுபடுமா என்று இழுத்த பிரின்சிபாலிடம் மல்லுக்கட்டி நடத்துகிற முதல் கோடைப் பயிற்சி. சாயங்காலம் கொடுக்கிற சான்றிதழ் ஒவ்வொன்றிலும் இந்தப் படம்தான் இருக்க வேண்டும். நம்ப முடியாத படத்தை ஒட்டிக் கொடுக்க அவளுக்கு மனசு வராது.

"எல்லாம் போச்சு பசங்களா. தண்ணி எரியுது பாருங்க. இந்தப் படத்த யாருக்கும் குடுக்க முடியாது."

பிள்ளைகளின் முகம் சட்டென்று தொங்கிப்போயிற்று. லாவண்யா நீட்டிய விரலை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

லேப் அட்டெண்டர் ரேணுகாம்பாள். பதினெட்டு வருஷமாக அங்கே டெஸ்ட் டியூப் கழுவுகிறவள். அவளைவிடக் கைச்சுத்தம் உள்ளவர் அந்தக் கல்லூரியிலேயே கிடையாது. அதனால்தான் சுபத்ரா பதின்மூன்றாவது கப்பை அவளிடம் கொடுத்திருந்தாள். வாயில் மட்டும் வைக்காதீங்க, மத்ததெல்லாம் பிள்ளைங்க செய்யற மாதிரியே செய்யுங்க என்று சொல்லியும் இருந்தாள்.

"அது தண்ணி இல்லீங்க மேடம்" என்றாள் ரேணுகாம்பாள். "நானும் கொப்புளிச்சிட்டேன்."

சுபத்ராவுக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. அடுத்த கணமே போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் எதுவும் கலக்கவில்லை! விதிப்படி இதுவும் தப்புத்தான். இருட்டாக நிற்க வேண்டிய தடம் இல்லாமல் போனது போனதுதான். அதைப் படத்துக்குக் கீழே எழுதியே ஆக வேண்டும். ஆனால் பிள்ளைகளின் பன்னிரண்டையும் தூக்கிப் போட இனிக் காரணமில்லை.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ரேணுகாம்பாள் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, விளக்குப் பெட்டியின் மேல் குனிந்தாள். இமை கொட்டாமல் பதின்மூன்றாவது தடத்தையே பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு முன்னால் சுபத்ராவின் கோபம் நிற்கவில்லை. நோட்டை இழுத்து, பதின்மூன்றுக்கு நேரே எழுதியிருந்த 'தண்ணீர்' என்பதைக் கோடு போட்டு அடித்தாள்.

"சரி விடுங்க. உங்க பேரயே எழுதிடறேன்."

"என் பேரு வாணாங்க மேடம்." ரேணுகாம்பாள் கண்ணை எடுக்கவே இல்லை. "கமலம்னு எழுதுங்க. என்னப் பெத்த அன்னிக்கே போய்ட்ச்சி. ஒரு போட்டோ கூட கெடயாது. இப்பதாங்க பாக்கறேன்."