ஒரு பாகம் குறைவு

மகனை அடக்கம் செய்ததிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் இருதயராஜ் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் அந்த ஞாயிறு சாயங்காலம் வழக்கம்போலப் பழைய வேட்டியை விரித்துப் பிஸ்டலைத் துடைக்க உட்கார்ந்தார். மேகசினை உருவித் தள்ளி வைத்தார். ஸ்லைடை இழுத்து உள்ளே குண்டு இல்லையென்று பார்த்தார். சுண்டுவிரலை விட்டும் பார்த்துக்கொண்டார். பிறகு ஸ்லைடு, ஸ்பிரிங், குழல் எல்லாவற்றையும் கழற்றி வேட்டியில் பரப்பினார்.

எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு திரும்பியபோது ஜெசிந்தா அங்கே குனிந்திருந்தாள். எதையோ சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

“என்னத்த எடுத்த?”

“காலையில டூட்டிக்குப் போகும்போது தாரேன்.” மனைவி அவரைப் பார்க்காமலே சொன்னாள். “அது இல்லாம இத மாட்ட முடியாதுல்ல?”

அவர் வேட்டியைப் பார்த்தார். குழலுக்குள் விட்டுத் தேய்க்கும் சின்ன பிரஷ்தான் காணாமல் போயிருந்தது. துப்பாக்கியின் பாகங்கள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

“முடியாது,” என்றார்.

ஜெசிந்தா முழுசாக மூச்சை விட்டாள். இரண்டு பேருக்கு உலை வைக்க உள்ளே போனாள்.