தடமில்லாத பங்கு

நடு வரப்பின் மேல் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் கையை நீட்டினான்.

"இது ஒரு பங்கு. அது ஒரு பங்கு."

அவ்வளவுதான். அப்பன் காலத்திலிருந்து ஒன்றாகக் கிடந்த பூமி இரண்டாகப் போயிற்று.

கிழக்கே புதிதாக வந்த புறவழிச் சாலை. மேற்கே வாய்க்கால். ரோட்டுப் பக்கம் இப்போது தங்கம். சென்ட் கணக்கில் வந்து கேட்கிறார்கள். வாய்க்கால் பக்கத்தில் தண்ணீர் உண்டு, நல்ல மண் உண்டு, உள்ளே போகத் தடம் மட்டும் கிடையாது. ரோட்டுப் பக்கத்து மண்ணை மிதித்துத்தான் போயாக வேண்டும்.

மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். அந்த ஊரில் பாகம் என்றால் அதுதான் முறை. பிரிக்கிறவன் கை கோணாமல் இருப்பதற்காக எந்தக் காலத்திலோ யாரோ யோசித்து வைத்தது.

அதை நினைவூட்டியது மாப்பிள்ளை. அவன் தங்கையின் புருஷன். மற்ற நாளில் முறையாவது கிறையாவது என்கிற மனுஷர், காலையில் காரை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார்.

"பெரியவங்க நீங்க பிரிச்சு விடுங்க மச்சான். சின்னவ எடுத்துக்கட்டும். அதானுங்களே மொறை? நடு வரப்போட பிரிச்சுட்டாப் போதும். ரோட்டு மொகம் துண்டு பட்டுதுன்னா வெலை போகாது பாருங்க."

கிழக்கு மேற்காகக் கோடு இழுத்தால் ஆளுக்குப் பாதி ரோடு, பாதி வாய்க்கால் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மாப்பிள்ளையிடம் வாய் கொடுக்க முடியுமா? கொடுத்த பெண் அவர் வீட்டில் அல்லவா இருக்கிறாள்.

தலையை ஆட்டிவிட்டான்.

வாங்குகிற பார்ட்டி ரோட்டோரம் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. மாப்பிள்ளை அந்தக் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்துச் சிரித்துப் பேசினார்.

தெற்கே சென்னியப்பன் தோட்டம் போன வருஷமே போய்விட்டது. வாழை நின்ற இடத்தில் வரிசையாகக் கல் நிற்கிறது. முதல் வேலையாக ஒரு வளைவு கட்டி, அதில் ஏதோ கார்டன் என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். உள்ளே ஒரு செடி இல்லை.

இங்கேயும் அதுதான் நடக்கும். பாகம் என்று பேச்சு எடுத்த அன்றே அவனுக்கு அது தெரிந்துவிட்டது. ரோட்டுப் பக்கம் மதில் எழும்பினால் அவன் டிராக்டர் இறங்க வழியில்லை. கொஞ்ச நாள் முட்டி மோதிவிட்டு, மிச்சத்தையும் அடிமாட்டு விலைக்கு அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பாதி போனால் முழுசும் போன மாதிரி.

தங்கை மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவளும் அந்த அப்பனுக்குப் பிறந்தவள்தானே. அவள் பங்கு அவளுக்கு. எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கட்டும்.

"எடுத்துக்க அம்முணி" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

தங்கை சாந்தாமணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ரோட்டைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு மேற்கே இறங்கினாள்.

வாய்க்காலில் கால் கழுவப் போகிறாள் என்று நினைத்தான்.

அவள் வாய்க்கால் வரை போகவில்லை. மஞ்சள் வெட்டி எடுத்த மண் பொலபொலவென்று கிடந்தது. அதன் நடுவில் போய், கால் புதைய நின்றுகொண்டாள்.

"எனக்கு இதுங்ணா."

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. அங்கிருந்தே கத்தினார்.

"ஏய், அங்க எதுக்குப் போயி நிக்கறே? அது தடமில்லாத பூமி. அதைய எவன் வாங்குவான்?"

"ஆருமே வாங்க மாட்டாங்க மாமா" என்றாள். ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

சாட்சிக்கு வந்திருந்த பெரியவர்கள் இரண்டு பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். எடுத்தாயிற்று. முறை என்று முதலில் வாயைத் திறந்தவர் மாப்பிள்ளை. இனி எந்த வாயால் மாற்றச் சொல்வார்? சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ரோட்டுப் பக்கம் இப்போது அவனுடையது. நினைத்தால் இந்த நிமிஷமே கார்க் கதவைத் தட்டலாம். தட்டினால் அவள் பங்கு மதிலுக்குப் பின்னால் மூச்சு முட்டிச் சாகும். அது அவளுக்குத் தெரியாதா?

தெரிந்துதான் நிற்கிறாள். திரும்பிப் போக அவளுக்கு அந்த மனுஷரின் கார்தான். வீட்டில் என்னென்ன கேட்க வேண்டியிருக்குமோ. அதையும் தெரிந்துதான் நிற்கிறாள்.

 வரப்பிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றான்.  அவள் தலையில் கை வைக்கலாமா என்று தோன்றியது. கூச்சமாக இருந்தது.

அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தாள்.

"எம்பட பங்குல இந்த வருசம் என்னுங்ணா போடப் போறீங்க?"

வைகாசி பிறந்தால் மஞ்சள் நட வேண்டும். வருஷா வருஷம் வெட்டியதில் நல்ல கிழங்காகப் பொறுக்கி, வேம்பு நிழலில் குவித்து, தழை போட்டு மூடி, விதைக்கென்று தனியாக வைப்பான். மிச்சத்தைத்தான் வேக வைத்துக் காயப்போட்டு விற்பான்.

  அவனுக்குச் சின்னப் பிள்ளை போல முகம் கோணிக்கொண்டு வந்தது.

"வெதைக்கு எடுத்து வெக்கலியே, அம்முணி" என்றான். "பூராத்தையும் வேக வெச்சுப் போட்டேன்."